வலி இல்லாதபோதும் பல் வைத்தியர் ஏன் வாயைப் பார்க்க வேண்டும்?

பற்சிதைவும் முரசு நோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை என்பதாலேயே, வலி வருமுன் வாயைச் சோதிப்பது அவசியமாகிறது. பற்களின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம், உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்வதால் இறுகிப் பற்காரை ஆகிறது. பல் துலக்கி அதனை அகற்ற இயலாதாகையால், வைத்தியர் அதிரும் நுனியுடைய கருவியால் அதனைப் பெயர்த்தெடுக்கிறார். அளவுகோடிட்ட மெல்லிய கோலைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே செலுத்தி அவர் ஆழம் பார்ப்பதும் உண்டு. நலமான முரசில் அந்த ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரைத் தாண்டாது.

புகையிலைப் பயிருக்குப் பெயர்பெற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில், பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை போடும் வழக்கமும் நிலவுவதால், இச்சோதனை பற்களோடு முடிந்துவிடக் கூடாது. புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் வேதிப்பொருள் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவைப் பெருக்குவதால், வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற் போகிறது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலையாகும். ஆகவேதான் வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லி, அதன் ஓரங்களையும் அடிப்பகுதியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்து, துடைத்தாலும் போகாத வெண்திட்டோ செந்திட்டோ உண்டா எனத் தேடுகிறார். ஐயமிருப்பின் சிறு திசுத்துண்டு எடுத்து ஆராயப்படும். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் வாய்ப்புற்றைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், வெற்றிலை போடுவோர் இச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது.