முதல் மடக்கு

காலையில் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றி மூடியதும் என் அம்மா அடுப்படியில் நிற்கமாட்டார். கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பெருக்கி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டு முடிக்க இருபது நிமிடம் ஆகும். உள்ளே டிகாக்‌ஷன் இறங்கவும் அதே இருபது நிமிடம். நேரத்தை வீணாக்காத சாமர்த்தியம் அது என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். காபியைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இருபது நிமிடத்துக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரிந்தது.

வெந்நீர் பட்டதும் தூள் பொங்கி நுரைக்கும், பார்த்திருப்பீர்கள். கொட்டையை வறுத்தபோது உள்ளே சிக்கிக்கொண்ட கரியமில வாயு வெளியேறும் காட்சி அது. நேற்று அரைத்த தூள் என்றால் குபுகுபுவென்று எழும்பும். வாரக்கணக்கில் டப்பாவில் கிடந்த தூள் நனைந்து அப்படியே படுத்துவிடும்.

நுரை அடங்கியதும் நீர் கீழே இறங்கத் தொடங்குகிறது. பிரான்ஸின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி தார்சி, மணல் வழியாக நீர் என்ன வேகத்தில் ஊடுருவும் என்று அளந்து 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். கிணற்றில் ஊற்று சுரப்பதும் அந்த விதிப்படிதான், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதும் அந்த விதிப்படிதான். துகளின் குறுக்களவு பாதியானால் நீரின் வேகம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். கடைக்காரர் தூளைக் கொஞ்சம் நைசாக அரைத்துவிட்டால் மறுநாள் காலை ஃபில்டரைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நீரைத் தள்ளும் விசையையும் பாருங்கள். எஸ்பிரஸோ இயந்திரம் தூளின் மேல் செலுத்தும் அழுத்தம், சுமார் 90 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வைத்த தண்ணீரின் அழுத்தம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான தண்ணீர்த் தூண் அது. அங்கே அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நம் ஃபில்டரில் தூளின் மேல் நிற்கும் தண்ணீரோ ஒரு சாண்கூட இருக்காது. மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான். நீர் ஒவ்வொரு துகளையும் நிதானமாகச் சுற்றிக் கரைத்து இறங்க, கீழே சேர்கிறது கள்ளிச்சொட்டாய் ஒரு டிகாக்‌ஷன். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் கெட்டி. காபித்தூளில் நீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம்தான். வறுத்த சிக்கரி வேரில் பாதிக்கு மேல் கரையும்.

இனி மணம். வறுக்காத காபிக்கொட்டையை முகர்ந்து பார்த்தால் காய்ந்த புல்லின் வாசம்தான் வரும். நமக்குத் தெரிந்த காபி மணம் அதற்குள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, வறுவலில்தான் புதிதாகப் பிறக்கிறது. சூடு 200 டிகிரியை நெருங்கும்போது கொட்டையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கைகோத்துப் பழுப்பு நிறப் பொருள்களாகவும் மணப்பொருள்களாகவும் மாறுகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயாரின் பெயரால் இதை மயார் வினை என்கிறார்கள். தோசை முறுகும்போது எழும் வாசனையும் இதன் கைவண்ணம்தான். வறுத்த காபியில் இதுவரை 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அவற்றில் நான் வியந்து தீராத ஒன்று உண்டு. பர்ஃபியூரைல்தயோல் என்று பெயர், கந்தகம் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறு. 1920-களில் ஹெர்மன் ஸ்டாடிங்கரும் டேடியஸ் ரைக்ஸ்டைனும் காபி மணத்தைப் பிரித்துப் பார்த்தபோது பிடிபட்டது. இருவருமே பின்னாளில் வெவ்வேறு வேலைகளுக்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு லிட்டர் நீரில் இந்தப் பொருள் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஓர் அரிசியின் எடைக்கு இதைக் கரைத்தால் போதும், குளம் முழுக்க மணக்கும். ஆனால் இது நிலைக்காது. தூளில் நீர் பட்ட நிமிடங்களிலேயே டிகாக்‌ஷனின் பழுப்பு நிறமிகள் இதைப் பிடித்துக் கட்டிவைக்கத் தொடங்கிவிடும். காலை டிகாக்‌ஷனை மாலையில் சுடவைத்தால் நிறம் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது, எதையோ காணோம் என்று தோன்றுகிறதே, காணாமல் போனவற்றில் முக்கியமானது இது.

டிகாக்‌ஷனும் கொதித்த பாலும் சர்க்கரையும் டம்ளரில் சேர்ந்ததும் அடுத்த வேலை ஆற்றுவது. டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே காபி நீளமாக இறங்கும்போது அதன் மேற்பரப்பு பல மடங்கு விரிகிறது, ஆவி பறக்கிறது. 150 மில்லி காபியிலிருந்து ஒரே ஒரு கிராம் நீர் ஆவியாகப் போனால் மீதிக் காபியின் சூடு ஏறத்தாழ மூன்றரை டிகிரி இறங்கும். ஒரு தேக்கரண்டி நீர் ஆவியானால் கிட்டத்தட்ட 18 டிகிரி. நாக்கைச் சுடும் காபிக்கும் இதமான காபிக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு தேக்கரண்டிதான்! கூடவே காற்றும் உள்ளே புகுகிறது. பாலின் புரதங்கள் ஒவ்வொரு குமிழியையும் மெல்லிய தோலாகச் சுற்றிப் போர்த்துகின்றன. நுரை நிற்கிறது. வாயருகே கொண்டுபோகும்போது குமிழிகள் வெடித்து, உள்ளே அடைத்துவைத்திருந்த மணத்தை மூக்கடியில் விடுகின்றன.

நாளைக் காலை ஒரு சோதனை செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், சூடு தெரியும். காபி தெரியாது. விழுங்கிவிட்டு விரலை எடுத்து மூச்சை வெளியே விடுங்கள், அந்தக் கணத்தில் காபி வந்து நிற்கும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்கை அடையும் மணம். இதைப் பின்வழி முகர்தல் என்று சொல்லலாம். மேலேறும் மூலக்கூறுகளைப் பிடிக்க நம் மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஏற்பி என்பது குறிப்பிட்ட மூலக்கூறுகள் வந்து பொருந்தும் புரதப் பூட்டு. இந்தப் பூட்டுகளின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த புதிர் வருகிறது. முதல் மடக்கு உள்ளே போனதும் ‘அப்பாடா’ என்று ஒரு தெளிச்சி வருகிறதே, அது எதனால்? காஃபீன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். களைப்பை அறிவிக்கும் அடினோசின் என்ற பொருள் உட்கார வேண்டிய இருக்கையில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் தூக்கம் விலகும் என்பது உண்மைதான். ஆனால் காஃபீன் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் மடக்கு இறங்கும் விநாடியில் அது மூளையை எட்டியிருக்கவே முடியாது.

விடையின் ஒரு பகுதி குரங்குகளிடமிருந்து கிடைத்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களைக் கவனித்துக்கொண்டே அவற்றின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விட்டார். டோபமைன் என்பது சில மூளைச் செல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள். எதிர்பாராத சாறு கிடைத்ததும் அந்தச் செல்கள் துள்ளின. பிறகு, சாற்றுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரிந்தது. சில நாளில் துள்ளல் இடம் மாறியது. விளக்கு எரியும்போதே செல்கள் துள்ளின, சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான அளவைவிடவும் சோர்ந்துபோயின. பால் திரிந்துபோன காலையில் நமக்கு நேர்வதும் இதுவாகத்தான் இருக்கும்.

காபியின் மணம் நமக்கு அந்த விளக்கு. வருடக்கணக்கில் மணத்துக்குப் பின்னால் தெளிச்சி வந்து வந்து, இன்று மணமே தெளிச்சியின் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறது. காபிச் செடியும் இந்தத் தந்திரத்தைப் பூச்சிகளிடம் காட்டுகிறது. அதன் பூந்தேனில் மிகக் கொஞ்சம் காஃபீன் இருக்கிறது. ஜெரால்டின் ரைட்டும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணத்தோடு சேர்த்துக் காஃபீன் கலந்த இனிப்புநீர் குடித்த தேனீக்களில், ஒரு நாள் கழித்தும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்தவை, வெறும் இனிப்புநீர் குடித்தவற்றைப் போல மூன்று மடங்காக இருந்தன.

ஆனால் எதிர்பார்ப்பு வேறு, அனுபவிப்பு வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இவ்விரண்டையும் எலிகளில் பிரித்துக் காட்டினார். டோபமைன் வேட்கையை மூட்டும், அதற்காக எழுந்து நடக்க வைக்கும். நாக்கில் இனிப்பு பட்டதும் வரும் ரசனைக்கு மூளையில் தனி இடங்கள் உண்டு. எலியின் மூளையில் அப்படிப்பட்ட ஓரிடத்தின் அளவு ஒரு கன மில்லிமீட்டர், கடுகளவு. வேட்கையின் வலைப்பின்னல் அதைவிட மிகப் பெரியது. மூன்றாவது டம்ளரைக் கை தேடுவதும், தேடிய அளவுக்கு அது ருசிக்காமல் போவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரசனைக்கு இடைவெளி வேண்டும். ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் இதைச் சாக்லேட்டை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடக்கூடாது. இன்னொரு குழு ஆசை தீரச் சாப்பிடலாம். வாரக் கடைசியில் ஒரே மாதிரித் துண்டைக் கொடுத்தபோது, தொடாமல் இருந்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள்.

மூக்குக்கும் இதே கதைதான், அதுவும் நிமிடக் கணக்கில். ஒரு மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் முகர்வுச் செல்லுக்குள் நுழையும் கால்சியமே அந்தச் செல்லின் கதவை மெல்லச் சாத்திவிடும். பழைய மணத்தை மறந்தால்தானே புதிதாக எழும் புகையையோ கெட்ட வாடையையோ உடனே பிடிக்க முடியும்? அடுப்படியிலேயே நின்று டிகாக்‌ஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காபி மணம் கரைந்துகொண்டே போகும். பக்கத்து வீட்டுக் காபி எப்போதும் கூடுதலாக மணப்பதற்கும் இதுவே காரணம். தெருக்காற்றில் சிறிது நேரம் நின்றால் கதவு மறுபடி திறந்துகொள்ளும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது விடியற்காலையிலேயே எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபில்டர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வாசனை ஏதும் தனியாகத் தெரியவில்லை. கோலத்தை முடித்த அம்மா, கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே படியேறி, நிலைப்படியில் ஒரு கணம் நின்றார். கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

“இறங்கிடுச்சு” என்றார்.