படகின் பாட்டரி தீர்ந்து போகலாமா?

கடலில் இரவு நேரத்தில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும்?

எதிரே வரும் கப்பலின் கண்ணுக்குச் சிறிய படகு தெரியாது. கம்பியில்லாப் பேச்சுக் கருவி ஊமையாகிவிடும். வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் இருண்டுவிடும். இந்த மூன்றுக்கும் உயிர் கொடுப்பது ஒரே பாட்டரிதான்!

2017-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வீசியது. அப்போது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களும், கேரள மீனவர்களும் ஏராளமானோர் ஆழ்கடலில் இருந்தார்கள். பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். செய்தி சொல்லும் கருவி படகுக்கு எவ்வளவு அவசியம் என்பதை அந்தப் புயல் காட்டியது. அந்தக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும் அல்லவா?

கட்டுமரமும் பைபர் படகும்

நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் ஆகியவை தென் சென்னைக் கடற்கரையில் உள்ள மீனவர் குப்பங்கள். முன்பு இங்கே கட்டுமரங்கள்தான் அதிகம். கட்டுமரத்துக்குப் பாட்டரி எதற்கு? பிறகு மோட்டார் வைத்த பைபர் படகுகள் வந்தன. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கிய பிறகு, பைபர் படகுகள் மேலும் பெருகின. விளக்கு, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி, பேச்சுக் கருவி என்று ஒவ்வொன்றாகப் படகில் ஏறின.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

கணக்கு சுலபமானது. பாட்டரியை ஒரு தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் கொள்ளளவுதான் "ஆம்பியர்-மணி". விளக்கும் கருவிகளும் சேர்ந்து 24 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பாட்டரியில் அது 2 ஆம்பியர். 10 மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி செலவாகும்.

ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே இந்தப் படகுக்கு 60 ஆம்பியர்-மணி பாட்டரி போதும்.

எந்தச் சார்ஜர் நல்லது?

பாட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆம்பியர் தரும் சார்ஜர் பொருத்தமானது. 60 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 6 முதல் 12 ஆம்பியர் வரை போதும்.

குழாயில் குடம் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் குழாயை முழுவதும் திறப்பார்கள். வாய் வரை வந்ததும் குறைப்பார்கள். நல்ல தானியங்கிச் சார்ஜரும் அப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் வேகமாக ஏற்றும். பிறகு படிப்படியாகக் குறைக்கும். நிரம்பியதும் சொட்டுச் சொட்டாக விடும். தானாகக் குறையாத பழைய மாதிரிச் சார்ஜரை மறந்து விட்டுவிட்டால், பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்!

லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்கள், அந்த வகைக்கு உரிய சார்ஜரைத்தான் வாங்க வேண்டும். படகிலேயே பொருத்துவதானால், தண்ணீர் புகாத "ஐ.பி. 67" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்துவது எப்படி?

பாட்டரிக்கு நேர் மேலே சார்ஜரை வைக்கக் கூடாது. பாட்டரியிலிருந்து எழும் அமில ஆவி அதை அரித்துவிடும். காற்றோட்டமான, தண்ணீர் தெறிக்காத இடத்தில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்க, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே நல்லது. சிவப்புக் கம்பியில், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

பாட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். கடல் தண்ணீர் பாட்டரி அமிலத்தில் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்!

230 வோல்ட் இணைப்பைத் தெரிந்த மின் பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே நிறுத்தும் சுவிட்சும் அவசியம். ஈர மணலில் ஒயரை இழுத்துப் போடுவது உயிருக்கு ஆபத்து.

மணலில் நிற்கும் படகுக்கு வழி என்ன?

துறைமுகத்தில் மின் இணைப்பு உள்ள இடத்தில் நிற்கும் படகுக்கு, உள்ளேயே பொருத்திய சார்ஜர் மிகவும் வசதி. ஆனால் மணலில் ஏற்றி வைக்கும் படகுக்கு மின்சாரம் எங்கே கிடைக்கும்? அதற்கும் வழி உண்டு.

ஒன்று, சூரிய ஒளித் தகடு. 50 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 12 ஆம்பியர்-மணி தரும். செலவு 20 என்றால், இரண்டு தகடுகள் வேண்டும். பாட்டரி அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் கருவியும் கூடவே வேண்டும். கேரளத்தில் வைக்கம் படகுத் துறையில் 2017-ம் ஆண்டு ஜனவரியில், 75 பேர் ஏறும் "ஆதித்யா" என்ற படகு சூரிய ஒளியைக் கொண்டே ஓடத் தொடங்கியது. படகையே ஓட்டும் வெயிலுக்கு, விளக்கு எரிப்பது பெரிய காரியமா?

மற்றொன்று, பாட்டரியை வீட்டுக்குத் தூக்கி வந்து சார்ஜ் ஏற்றுவது. அப்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே பீடி பிடிக்க விடாதீர்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். கண்ணில் அமிலம் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பாட்டரியில் தண்ணீர் குறைந்தால் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

புறப்படும் முன்

சார்ஜ் ஏற்றி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஈயப் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் குடம் நிறைந்திருக்கிறது. 12.1 அல்லது 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பாட்டரியை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

இன்னும் இரண்டு எண்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் பேச்சுக் கருவியில் 16-வது அலைவரிசையில் கூப்பிட வேண்டும். கரையிலிருந்து கடலோரக் காவல் படையை அழைக்கும் தொலைபேசி எண் 1554.