ஊர் எல்லையில் அந்தச் சக்கர போர்டு... உள்ளே என்னதான் நடக்குது?

பஸ் ஊருக்குள் நுழையும்போது கவனிச்சிருப்பீங்க. 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று ஒரு போர்டு. மேலே ஒரு பல்சக்கரம். கீழே ஊர்ப் பெயருடன் 'ரோட்டரி சங்கம்'. சில ஊர்களில் பக்கத்திலேயே லயன்ஸ் சங்கத்தின் சிங்க முகமும் இருக்கும். மறுநாள் பேப்பரைப் புரட்டினால் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு போட்டோ: ஒரு தையல் மெஷின், அதைச் சுற்றி பதினோரு பேர். மெஷினை வாங்குற அக்கா மட்டும் ஓரமா பாதிதான் தெரிவாங்க.

"வசதியான அங்கிள்கள் கூடிச் சாப்பிட்டு, பொன்னாடை போர்த்திக்கிற இடம்தானே ப்ரோ?" என்று கேட்டால், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் சின்ன வயசில் உங்க வாயில் விழுந்த ரெண்டு சொட்டு போலியோ மருந்துக்கும் இதே சக்கரத்துக்கும் தொடர்பு இருக்கு. இந்த ரெண்டுமே ஒரே சங்கம்தான். எப்படி? உள்ளே போய்ப் பார்ப்போம்.

தனிமையில் ஆரம்பிச்ச கதை

1905, பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வக்கீலுக்கு தொழில் இருந்தது, ஆனால் பெரிய நகரத்தில் நாலு பேர் சிநேகம் இல்லை. சின்ன ஊரில் வளர்ந்தவர் அவர். அங்கே இருந்த அக்கம்பக்கப் பழக்கம் இங்கேயும் வேணும்னு, ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினீயர், ஒரு தையற்கடைக்காரர் ஆகிய மூவருடன் உட்கார்ந்து பேசினார். ஒரு வாரம் ஒருத்தர் ஆபீஸ், அடுத்த வாரம் இன்னொருத்தர் ஆபீஸ் என்று கூட்டம் சுழன்றதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது.

ஆக, முதலில் அது சேவை சங்கமே இல்லை. நட்பும் தொழில் தொடர்பும்தான் நோக்கம். சில வருஷத்தில், "நமக்குள்ளயே உதவிக்கிட்டா போதுமா?" என்ற கேள்வி எழுந்தது. அப்போது கையில் எடுத்த முதல் பொதுவேலை எது தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது!

இந்தியாவில் முதல் சங்கம் கொல்கத்தாவில் 1919-ல் தொடங்கியது. சென்னைக்கு 1929-ல் வந்தது. அதே சிகாகோவில் 1917-ல் பிறந்தது லயன்ஸ். 1925-ல் லயன்ஸ் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர், பார்வையற்றவர்களுக்காக உழைக்க வாருங்கள் என்று அழைத்தார். இன்றும் லயன்ஸ் என்றாலே கண் சிகிச்சை முகாம் ஞாபகத்துக்கு வருவதற்கு அதுதான் தொடக்கம்.

வாரம் ஒரு கூட்டம், வருஷம் ஒரு தலைவர்

அமைப்பு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர். வழக்கமா வாரத்துக்கு ஒரு கூட்டம். ரோட்டரிக்குப் புது வருஷம் ஜூலை 1-ம் தேதி. அன்றிலிருந்து அடுத்த ஜூன் 30 வரைக்கும் ஒரு தலைவர், பிறகு ஆள் மாறிடும். ஜூலை மாசம் ஊர் முழுக்க 'பதவியேற்பு விழா' பேனர் முளைக்கிற ரகசியம் இதுதான்.

ஆரம்ப காலத்தில் ஒரு தொழிலுக்கு ஒருத்தர் என்று விதி வைத்திருந்தார்கள். பின்னாளில் அது தளர்ந்தாலும், பல தொழில்காரர்கள் கலந்திருக்கணும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. டாக்டர், ஆடிட்டர், பிரஸ் வச்சிருக்கிறவர், கல்யாண மண்டபக்காரர், ஸ்கூல் நடத்துறவர், ஹார்டுவேர் கடை அண்ணாச்சி எல்லாரும் ஒரே மேஜையில். பணத்தைவிட இந்தக் கலவைதான் சங்கத்தின் நிஜ முதலீடு.

பெண்களுக்கு மட்டும் அந்த மேஜையில் ரொம்ப நாள் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1989-ல்தான் உலகம் முழுக்க ரோட்டரியின் கதவு திறந்தது. 84 வருஷம்!

ஒரு கண் முகாம் எப்படி நடக்குது?

இந்தக் கலவை எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் வெறும் 11 படுக்கையோடு தொடங்கியது. அது இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் கிராமத்து முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவமனை டாக்டர்களையும் கருவிகளையும் அனுப்பும். ஆட்களைத் திரட்டுவது, இடம், நோட்டீஸ், சாப்பாடு எல்லாம் உள்ளூர் அமைப்புகள் பொறுப்பு. அதில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் நிறைய.

நோட்டீஸ் அடிக்க பிரஸ்காரர். இடத்துக்கு ஸ்கூல்காரர். டிபனுக்கு ஹோட்டல்காரர். ஆட்டோவில் மைக் கட்டி தெருத்தெருவா அறிவிப்பு. முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும்தான். ஆபரேஷன் அங்கே நடக்காது. கண்புரை இருக்கிறவங்களை பஸ்ஸில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் முடிச்சு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். சில வாரம் கழிச்சு மறுபரிசோதனை.

"ஆபரேஷன்னா பயமா இருக்குப்பா, என்னைத் தனியா விட்டுருவாங்களா?" என்று கேட்கிற பாட்டிக்கு, "நானும் பஸ்ல வர்றேன் பாட்டி" என்று சொல்ல ஊர்க்காரர் ஒருத்தர் வேணும். இலவச ஆபரேஷன் தயாராக இருந்தும் வீட்டிலேயே பார்வை போய் உட்கார்ந்திருக்கிறவர்களை வெளியே கொண்டுவருவது இந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல செக் புக் தேவையில்லை.

காஞ்சு போன குழாய்

சரி, இப்போ அந்த போட்டோ விஷயத்துக்கு வருவோம்.

ஏதாவது ஒரு அரசுப் பள்ளிக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போய்ப் பாருங்க. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் இருக்கும். மேலே கல்வெட்டில் ஒரு முன்னாள் தலைவர் பெயர் பளிச்சென்று இருக்கும். குழாயைத் திறந்தால் காத்துதான் வரும். ஃபில்டர் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சோ!

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு வருஷப் பதவி என்ற அந்த ஏற்பாடு செய்கிற வேலை இது. ஒரு வருஷத்துக்குள் ஏதாவது செய்து காட்டணும். அடுத்து வர்றவர் பழைய மெஷினுக்கு ஃபில்டர் மாத்தினால் கல்வெட்டில் பெயர் வராது. புதுசா ஒண்ணு வச்சால் வரும். ஒருத்தரே நாற்காலியைப் பிடிச்சுக்காம இருக்கிறது இந்த முறையின் நல்ல பக்கம். தொடர்ச்சி அறுந்து போகிறது அதன் கெட்ட பக்கம்.

ரத்ததான முகாமில் இது இன்னும் சீரியஸ். சேமிச்ச சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் அஞ்சு நாள்தான். விழா நாளில் ஒரே நேரத்தில் நூத்துக்கணக்கான யூனிட் எடுத்துவிட்டு, அடுத்த மூணு மாசம் ஆளே இல்லைன்னா, டெங்கு சீஸனில் தட்டணுவுக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு போட்டுத் தேட வேண்டியதுதான். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். பட்டியல் போட்டு, முறை வைத்து, மாசாமாசம் நாலு பேரை அனுப்புகிற சங்கம் போட்டோவில் பெரிசா தெரியாது. ஆனால் ரத்த வங்கிக்கு அதுதான் வேணும்.

நிலைச்சு நின்ன வேலைகள்

தொடர்ச்சியை விடாமல் பிடித்த இடங்களும் இருக்கு. ஈரோட்டில் 'ஆத்மா' மின்மயானத்தை ரோட்டரி சார்ந்த ஓர் அறக்கட்டளை நடத்துது. மயானத்தைக் கட்டிக் கொடுத்துட்டு வந்துட முடியாது. தினமும் ஆள் இருக்கணும், மெஷின் ஓடணும். தலைவர் மாறினாலும் அறக்கட்டளை மாறாது என்பதுதான் அங்கே சூட்சுமம். சென்னையில் வி.எச்.எஸ் மருத்துவமனையின் ரத்த வங்கிப் பெயரிலேயே ரோட்டரி இருக்கிறதும் அந்த மாதிரிதான்.

எல்லாத்திலும் பெரிசு போலியோ. 1979-ல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் திட்டத்தோடு ரோட்டரி இதில் இறங்கியது. 1985-ல் அதை உலக அளவுக்குக் கொண்டுபோனது. 1988-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்ற அமைப்புகளோடு கைகோத்தபோது, 125 நாடுகளில் வருஷத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேரை போலியோ முடக்கிக்கொண்டிருந்தது.

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் இந்த வேலை நிற்கவில்லை. சொட்டு மருந்து நாட்களில் வடக்கில் துப்பாக்கிகள் ஓயணும் என்று யுனிசெஃபோடு சேர்ந்து பேசி, தற்காலிகப் போர்நிறுத்தத்துக்கு வழி செய்தது ஒரு குழு. அதை வழிநடத்திய கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே.ஆர்.ரவீந்திரன், 2015-16-ல் ரோட்டரியின் உலகத் தலைவரானார்.

இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 2011 ஜனவரி 13-ல் பாதிப்பு தெரிந்த ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27-ல் நம் பகுதி போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. 1985-லிருந்து கணக்குப் போட்டால் 29 தலைவர்கள் மாறியிருப்பார்கள். யாரும் 'இது பழைய தலைவர் திட்டம்' என்று விடவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் இருப்பதால், இப்போதும் விடவில்லை.

நாம சேரலாமா?

தாராளமா. 1968-ல் தொடங்கிய ரோட்டராக்ட் 18 வயசு ஆனவர்களுக்கானது. காலேஜிலும் இருக்கும், ஊர் அளவிலும் இருக்கும். முன்னாடி 30 வயசு வரைக்கும்தான் என்று இருந்தது. 2020-லிருந்து அந்த உச்சவரம்பும் இல்லை. பள்ளி மாணவர்களுக்கு இன்ட்ராக்ட். லயன்ஸ் பக்கம் லியோ சங்கம். 18 முதல் 40 வயசு வரைக்கும் ஜேசிஸ்.

மேடையில் பேசப் பழகலாம், வேற வேற தொழில்காரங்க அறிமுகமாவாங்க. ரெஸ்யூமேவில் ஒரு வரியும் சேரும், அதில் தப்பில்லை. சந்தா எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கோங்க. உறுப்பினர் சந்தாவையும், பொதுமக்களிடம் திரட்டும் நன்கொடையையும் தனித்தனியா கணக்கு வைக்கிறாங்களா, ரசீது தர்றாங்களா என்றும் பாருங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு கூட்டத்துக்கு விருந்தினரா போய் உட்காருங்க. பெரும்பாலும் டீயும் சமோசாவும் உண்டு. இந்த வருஷம் என்ன செய்யப் போறாங்கன்னு எல்லாரும் ஆர்வமா சொல்வாங்க. கேட்டுக்கிட்டு, கடைசியில் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "போன வருஷம் வச்ச தண்ணி மெஷின் இப்போ எப்படி இருக்கு சார்?"

யாராவது ஒருத்தர் சட்டுன்னு, "நேத்துதான்பா ஃபில்டர் மாத்தினோம்" என்று சொன்னால், அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிட்டு வந்துடுங்க. யாருக்கும் பதில் தெரியலைன்னாலும் வாங்கிட்டு வரலாம். உங்க முதல் வேலை என்னன்னு தெரிஞ்சுபோச்சே!