கொல்லைப்புற டேங்க் யாருடையது?

அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய இருபதில் ஒன்று புரொப்பேனை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கிறது. பெரும்பாலும் குழாய் வழி இயற்கை எரிவாயு எட்டாத பகுதிகள் அவை. டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா நகரங்களின் விளிம்பில் ஓரிரு ஏக்கர் நிலத்தோடு வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது பின்புறத்தில் கிடக்கும் வெள்ளை உருளை டேங்க் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது வீட்டோடு சேர்ந்ததா, எரிவாயு நிறுவனத்துக்குச் சொந்தமா என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்த வீடு எரிவாயுவுக்கு என்ன விலை கொடுக்கும் என்பதில் பெரும்பங்கு அந்தக் கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது.

ஊரில் நம் சமையலறைச் சிலிண்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்துதான்; நாம் கட்டியது வைப்புத்தொகை மட்டும். அந்தப் பழக்கத்தில் வாடகை டேங்க் என்றால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் ஊரில் வீட்டுச் சிலிண்டரின் விலை அறிவிக்கப்பட்ட விலை. உங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒன்றே. அமெரிக்காவில் வீட்டுப் புரொப்பேனுக்குப் பொதுவாக அப்படி விலைக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே தெருவில், ஒரே வாரத்தில், ஒரே லாரியிலிருந்து இரண்டு வீடுகள் வெவ்வேறு விலைக்கு வாங்கலாம். அளவும் பெரிது. வழக்கமான 500 கேலன் டேங்கில் 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். அந்த 400 கேலனே சுமார் 760 கிலோ, அதாவது நம் 14.2 கிலோ சிலிண்டர்கள் ஐம்பதுக்கும் மேல்.

வாடகை டேங்கில் அதன் உரிமையாளரான நிறுவனம் மட்டுமே நிரப்பலாம். பல மாநிலங்களில் இது சட்டம், மற்ற இடங்களில் ஒப்பந்த விதி. அடுத்த ஊர் வியாபாரி கேலனுக்கு ஐம்பது சென்ட் குறைத்துத் தருகிறேன் என்றாலும் அவருடைய லாரிக் குழாயை உங்கள் டேங்கில் மாட்ட முடியாது. ஆண்டுக்கு 800 கேலன் எரிக்கும் வீட்டுக்கு அந்த ஐம்பது சென்ட் 400 டாலர். வாடகையாகக் கேட்கும் தொகை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. சிலர் முதல் ஆண்டு வாடகையே வேண்டாம் என்பார்கள். வாடகைத் தொகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உண்மையான செலவு கேலன் விலையில் மறைந்திருக்கிறது.

குறைவாக எரிப்பவர்களுக்கு வேறொரு பொறி. அடுப்புக்கும் கணப்புக்கும் மட்டும் புரொப்பேன் பயன்படுத்தும் வீடு ஆண்டுக்கு நூறு கேலனைக்கூடத் தொடாமல் போகலாம். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சப் பயன்பாட்டு அளவு எழுதியிருந்தால் எரிக்காத வாயுவுக்கும் அபராதம் வரும். டெலிவரிக் கட்டணம், அபாயப் பொருள் கட்டணம், விலகினால் டேங்கை எடுத்துப்போகக் கட்டணம், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கக் கட்டணம் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. மண்ணுக்குள் புதைத்த டேங்க் என்றால் நிறுவனத்தை மாற்றத் தோட்டத்தையே தோண்ட வேண்டும். அந்தச் செலவை நினைத்தே பலர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் டேங்கைச் சொந்தமாக வாங்கிவிடலாமா? பல ஆண்டுகள் அதே வீட்டில் இருக்கப்போகிறவர்கள், வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் புரொப்பேனையே எரிப்பவர்கள் வாங்குவதுதான் சரி என்பது என் தீர்மானம். சில ஆயிரம் டாலர் முதலில் போகும். நன்றாகப் பராமரித்த டேங்க் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஆனால் சொந்த டேங்க் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2013 இலையுதிர்காலத்தில் மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடையானது. உலர்த்துவதற்குப் பெருமளவு புரொப்பேன் செலவானது. கையிருப்பு கரைந்திருந்த நேரத்தில் கடுங்குளிர் வந்தது. 2014 ஜனவரி இறுதியில் நாட்டின் சராசரி வீட்டு விலையே கேலனுக்கு 4 டாலர் அளவுக்கு ஏறியது. தட்டுப்பாட்டில் வியாபாரிகள் தங்கள் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கே முன்னுரிமை கொடுத்தார்கள். மலிவான விலையைத் தேடி ஆண்டுக்கு ஒருவரிடம் வாங்கிவந்த சொந்த டேங்க்காரர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். சொந்த டேங்க் உள்ளவர் கோடையிலேயே, விலை தணிந்திருக்கும்போது நிரப்பிவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் கனமான விஷயம், டேங்கோடு சேர்ந்து கைமாறும் பொறுப்பு. 2007 ஜனவரி 30 அன்று மேற்கு வெர்ஜீனியாவின் கென்ட் என்ற சிற்றூரில், ஒரு கடையில் இருந்த பழைய 500 கேலன் டேங்கிலிருந்து புது டேங்குக்குத் திரவத்தை மாற்ற ஓர் இளம் தொழில்நுட்பர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பழைய டேங்கின் திரவ வால்வு பழுதாகித் திறந்தபடியே சிக்கியிருந்தது. அதன் மூடியைக் கழற்றியதும் புரொப்பேன் பீறிட்டது. கட்டடத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டிய அந்த டேங்க் 1994 முதலே கடையின் பின்சுவரை ஒட்டி நின்றிருந்தது. கடையிலிருந்தவர்களை வெளியேற்றவில்லை. அரை மணி நேரத்துக்குள் கடை வெடித்தது. 4 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். பல வீடுகளில் நிற்பதும் அதே அளவு டேங்க்தான். வாடகை டேங்க் என்றால் வால்வும் ரெகுலேட்டரும் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது பொதுவாக நிறுவனத்தின் வேலை. சொந்தமென்றால் அந்த வேலை உங்களுடையது. உரிமம் பெற்றவரை அழைத்துக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

இரண்டாம் கை டேங்கை விளம்பரம் பார்த்து வாங்குவதை நான் முழுக்கவே எதிர்க்கிறேன். உற்பத்தி விவரம் பொறித்த உலோகத் தகடு இல்லாத, அல்லது எழுத்து அழிந்துபோன டேங்கை நிரப்பக் கூடாது. அதற்குக் கொடுத்த காசு இரும்புக்குக் கொடுத்ததே. பண்ணைகளில் அமோனியா வைத்திருந்த டேங்குகளும் சந்தைக்கு வருகின்றன. அமோனியா பித்தளையை அரித்து விரிசல் விடச் செய்யும். வால்வில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் கிட்டேயே போக வேண்டாம். புத்தம் புது டேங்கிலும் ஓர் ஆபத்து உண்டு. புரொப்பேனுக்கு மணம் கிடையாது. கசிவைக் காட்டிக்கொடுக்கும் நாற்றம் சேர்க்கப்படுவது. புது இரும்பின் உட்பரப்பு, காற்று, ஈரம், துரு ஆகியவை அந்த நாற்றப்பொருளைக் குன்றச் செய்யும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு இது, தரையோடு படர்ந்து அடித்தளத்தில் தேங்கும். மூக்கை மட்டும் நம்பாமல் தரைக்கு அருகே கசிவு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள்.

வீட்டை விற்பவர் டேங்க் தன்னுடையதுதான் என்று வாய்வார்த்தையாகச் சொல்வார். அவரும் அதை அப்படியே நம்பி வாங்கியவராக இருக்கலாம். டேங்கின் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்து, அந்த நிறுவனத்தை நீங்களே அழையுங்கள். உரிமை யாருக்கு, ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை, குறைந்தபட்சக் கேலன் எவ்வளவு, டேங்கையே விலைக்குத் தருவார்களா, தந்தால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உள்ளே இருக்கும் வாயு யார் கணக்கில் என்பதையும் வீட்டு ஒப்பந்தத்தில் எழுதவைக்க வேண்டும். குளிர்காலத்தில் 300 கேலன் என்பது சிறு தொகை ஆகாது. இதையெல்லாம் பத்திரப் பதிவுக்கு முன்பே செய்யுங்கள். அதுவரை டேங்கை அகற்றச் சொல்லவும், விலையைக் குறைக்கச் சொல்லவும், வாங்காமல் விலகவும் உங்களுக்கு இடம் இருக்கிறது.