உங்களுக்குத் தெரியுமா? முயலால் வாந்தி எடுக்க இயலாது!

நாயும் பூனையும் வயிற்றுக்கு ஒவ்வாததைக் கக்கிவிட்டுச் சுகமடைவதுபோன்ற பாக்கியம் முயலுக்கு இல்லை. உட்சென்றது யாவும் குடல் வழியேதான் வெளியேற வேண்டுமாதலால், ஏறக்குறைய 12 மணி நேரம் அது ஆகாரத்தைத் தொடாதிருந்தாலே, குடலின் இயக்கம் ஸ்தம்பித்துப் பிராணாபத்து நேரக்கூடும்.

• ஆயுள் முழுவதும் வளரும் அதன் 28 பற்களுள் ஒன்று கோணி நாவைக் குத்தினாலும், ஆசையோடு புல்லருகே வந்து முகர்ந்துவிட்டு, உண்ணாமலே திரும்பிவிடும்.

• பிற மிருகங்களுக்கு இரையாகும் ஜாதியாதலால், நோவை மறைப்பதில் மகா சமர்த்து. மூலையில் கூனிக் குந்திப் பல்லை நறநறப்பதும், புழுக்கை சிறுத்துக் குறைவதுமே அடையாளங்கள்.

வயிறு உப்பியிருக்கையில் பலவந்தமாக ஊட்டுவது விபரீதம். உலர்ந்த புல்லும் நீரும் அருகே வைத்து, விடியட்டும் என்று காத்திராமல், கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.