கிறித்தவ நம்பிக்கையும் நிகழ்கால வாழ்வும்: தாம்பரம் 1938

கிறித்தவ நம்பிக்கைக்கு மூன்று காலங்கள் உண்டு. இயேசுவின் பிறப்பு, சிலுவை மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவை கடந்த காலம். அவருடைய வருகையும் மறுவாழ்வும் எதிர்காலம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 'இன்று' என்னும் காலத்தில் நம்பிக்கையாளர் எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்குச் சென்னையைச் சேர்ந்த சில கிறித்தவர்கள் அளித்த விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

விவிலியத்தில் 'இன்று'

இயேசு கற்பித்த மன்றாட்டு அன்றன்றைய உணவைக் கேட்கிறது. நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது மலைப்பொழிவின் போதனைகளுள் ஒன்று. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு வரி தண்டுவோரின் தலைவர். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் சொல்கிறார். அதன்பின் இயேசு, அந்த வீட்டுக்கு மீட்பு 'இன்று' வந்தது என்கிறார். ஆகவே நிகழ்காலத்தில் வாழ்வது என்பது மன அமைதி மட்டும் அன்று. பிறருக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாமல் இன்றே செய்வதும் ஆகும்.

தாம்பரம் மாநாடு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு ஜான் மாட் தலைமையில் கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470க்கும் மேற்பட்ட பேராளர்கள் வந்திருந்தனர். மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. சீன - ஜப்பானியப் போரால் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. போரிட்டுக்கொண்டிருந்த அவ்விரு நாடுகளின் கிறித்தவர்களும் இங்கே ஒரே மாநாட்டில் பங்கேற்றனர்.

மாநாட்டுக்கென ஒல்லாந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதைப் பிற சமயங்களின் தொடர்ச்சியாகக் கொள்ள முடியாது என்பது அவர் வாதம். சென்னையிலிருந்து அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பு வேறொரு பார்வையை முன்வைத்தது. அதை எழுதியவர்களே பின்னர் 'மறுசிந்தனைக் குழுவினர்' என அறியப்பட்டனர்.

மூன்று விடைகள்

வழக்கறிஞர் வி. சக்கரை செட்டியார் (1880-1958), இயேசு முடிந்துபோன வரலாறு அல்லர் என்றார். அவருடைய அவதாரம் தொடர்கிறது. தூய ஆவியாக மனிதருக்குள் இன்றும் செயல்படுகிறார் என்பது அவர் கருத்து. இதே சக்கரை சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1941-42இல் சென்னை மேயராகவும், 1950களில் ஏ.ஐ.டி.யு.சி. தலைவராகவும் இருந்தார்.

அவருடைய உறவினரும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவருமான பி. செஞ்சையா, கிறிஸ்துவைப் 'புதிய படைப்பு' என்று விளக்கினார். கோட்பாடுகளை ஒப்புக்கொள்வதோ சபை அமைப்பைக் கட்டிக்காப்பதோ முதன்மையானது அன்று. மனிதர் புதிய மனிதராவதே கிறித்தவம் என்றார்.

மருத்துவர் ச. ஏசுதாசனின் விடை ஓர் ஆசிரமம். அவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இந்தியரும் ஐரோப்பியரும் சமமாக வாழ்ந்து, கதர் உடுத்தி, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். ஆட்சியாளர் இனத்தவர் ஆளப்படுவோருடன் சமமாக வாழ்வது அக்காலத்தில் எளிதான செயல் அன்று.

எழுந்த மறுப்பு

இவ்விடைகளுக்கும் குறை உண்டு. 1980களில் உருவான தலித் இறையியல் ஒரு கடுமையான கேள்வியை எழுப்பியது. முந்தைய இந்திய இறையியலாளர் பலர் உயர்சாதிப் பின்னணியினர். அவர்கள் உரையாடியது பெரும்பாலும் வேதாந்தம் போன்ற தத்துவ மரபுகளுடன். ஆனால் தமிழ்நாட்டுக் கிறித்தவருள் பெரும் பகுதியினர் தலித்துகள். ஆலயத்தில் தனி இடமும் தனிக் கல்லறையும் அவர்கள் பட்ட அனுபவம். அந்த வலியைப் பேசாத இறையியல், 'இன்று' என்பதை முழுமையாகப் பார்த்ததாகுமா? சிந்தனையில் கிறிஸ்து நிகழ்காலத்தவராக இருந்தால் போதாது. கல்லறைத் தோட்டத்திலும் அவர் நிகழ்காலத்தவராக இருக்க வேண்டும் என்பதே இக்கேள்வியின் சாரம்.

இன்றைய தாம்பரம் வட்டாரம்

மாநாடு நடந்த தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் பள்ளிக்கரணை இருக்கிறது. இதன் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மழைநீரைத் தாங்கும் அந்நிலத்தின் ஒரு பகுதி பல ஆண்டுகள் பெருங்குடி குப்பைக் கிடங்காக இருந்தது. இன்னொரு பகுதி கட்டடங்களாக மாறியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகள் நீரில் மூழ்கியபோது சாதியும் சமயமும் பாராமல் மக்கள் ஒருவருக்கொருவர் உதவினர்.

சகேயு கதையின் அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம். வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலம் வழங்குவது இரக்கம், அது தேவை. நீர் நிற்க வேண்டிய இடத்தைத் திருப்பித் தருவது நீதி, அதுவும் தேவை. இரண்டையும் இன்றைய கடமையாகக் கொள்ளும்போதுதான் நிகழ்கால நம்பிக்கை முழுமை பெறுகிறது.