வீராம்பட்டினம் கடற்கரையில் கல்யாணம்: 'எல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்பவரை நம்பலாமா?

புதுச்சேரி:

பொண்ணு ஐதராபாத், மாப்பிள்ளை சென்னை. ஆனால் தாலி கட்டுவது வீராம்பட்டினம் கடலோரத்தில். இப்படி ஊரு விட்டு ஊரு வந்து கல்யாணம் முடிப்பது இப்போது சகஜமாகி விட்டது. 'வெளிநாட்டில் போய் கல்யாணம் நடத்தாதீர்கள், நம் நாட்டிலேயே நடத்துங்கள்' என்று பிரதமர் மோடியே 2023 நவம்பரில் வானொலியில் கேட்டுக் கொண்டார்.

சரி, ஏற்பாட்டை யார் பார்ப்பது? உள்ளூர் வெட்டிங் பிளானரை வைப்பதா, நாமே அலைவதா? பல வீடுகளில் சண்டையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. 'அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் வாங்கலாம்' என்பார் அப்பா. 'அன்னிக்கு ஒண்ணு தப்பாப் போனா யாருப்பா ஓடுறது?' என்பாள் மகள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடற்கரை மண்டபம் அல்ல

கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் அரிக்கமேடு, அதைத் தாண்டி வீராம்பட்டினம். துறைமுக அலைத்தடுப்பு கட்டப்பட்ட பிறகு வடக்கே புதுவை நகரக் கரை அரிக்கப்பட்டது. தெற்கே இந்தப் பக்கம் மணல் சேர்ந்தது. அந்த அகலமான மணலைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டார் மயங்குகிறார்கள்.

ஆனால் அது மீனவர்கள் படகு ஏற்றும், வலை உலர்த்தும் இடம். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பந்தல்கால் நட்டால் பிரச்சினைதான். அதோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. கொம்யூன் பஞ்சாயத்து, போலீஸ் என்று அனுமதிக்கு அலைய வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. விருந்தில் மது உண்டென்றால் கலால் துறை அனுமதி தனி.

ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் கோவில் தேர்த்திருவிழா. கவர்னரும் முதல்வரும் வடம் பிடிக்கும் அந்த நேரத்தில் ஊருக்குள் கார் நுழையாது. தமிழ்க் குடும்பம் ஆடியில் நாள் குறிக்காது. வடநாட்டு, வெளிநாட்டு ஜோடிகளுக்கு இது தெரியாது.

மழையை மறக்கக் கூடாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல். பெஞ்சலின்போது புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் என்றால் மாற்று மண்டபம் கையில் இருந்தே ஆக வேண்டும்.

யாருக்குத் தேவை?

ரிசார்ட்டுக்குள்ளேயே கல்யாணம், 100 பேருக்குள் விருந்தாளிகள், புதுவையில் நம்பகமான சொந்தம் இருக்கிறது என்றால் முழு பிளானர் தேவையில்லை. பெரும்பாலான வேலையை ரிசார்ட்காரர்களே முடித்து விடுவார்கள். கல்யாணத்தன்று ஓடியாட மட்டும் ஒரு ஆளை நாள் சம்பளத்துக்குப் பேசிக் கொள்ளலாம்.

திறந்த மணலில் பந்தல், 300 பேர், எல்லோரும் வெளியூர், உள்ளூரில் ஒருத்தரையும் தெரியாது என்றால் பிளானர் வைப்பதே நல்லது. நீங்கள் காசு கொடுப்பது பூ அலங்காரத்துக்கு அல்ல. அனுமதிக்கும், ஊர்க்காரர்களோடு உள்ள பழக்கத்துக்கும்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆல்பம் காட்டினாலும் பிரயோஜனமில்லை.

அட்வான்சுக்கு முன் கேளுங்கள்

* எந்தெந்த அனுமதியை யார் வாங்குவது? நகலைக் கையில் தருவீர்களா?
* கூலி மொத்தத் தொகையா, செலவில் சதவீதமா? சதவீதம் என்றால் உங்கள் பில் ஏற ஏற அவர் வருமானமும் ஏறும்.
* சமையல்காரர், பந்தல்காரரிடம் தனியாக கமிஷன் உண்டா?
* 18 சதவீத ஜி.எஸ்.டி. சொன்ன தொகைக்கு உள்ளேயா, வெளியேயா?
* புயல் வந்தால் அட்வான்ஸ் திரும்புமா, தேதி மாறுமா?

பதில்களை எழுத்தில் வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எடுபடுவது அந்தக் காகிதம்தான். வாய்ப்பேச்சு எடுபடுவது கஷ்டம்.

இன்னொரு சின்ன சோதனை. 'வீராம்பட்டினத்தில் நாங்க பண்ணின கல்யாணம்' என்று கடலில் சூரியன் மறையும் படத்தை ஒருவர் காட்டினால் சுதாரித்துக் கொள்ளுங்கள். இந்தக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊர்ப் பக்கம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் முகூர்த்த நேரத்துக்கே நேரில் வந்து பாருங்கள். படகு எங்கே நிற்கிறது, கார் எங்கே நிறுத்துவது, வயதான பாட்டி மணலில் எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பிளானர் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கும் பாதி பதில் அங்கேயே கிடைத்து விடும்.